ஃபிரிஸ்கோ முகவரி இருந்தால் ஃபிரிஸ்கோ பள்ளி கிடைக்குமா?

கேள்வி: மேடம், நாங்கள் எட்டு வருடமாக நியூ ஜெர்சி எடிசனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவரின் வேலை டாலஸ் பக்கம் பிளேனோவுக்கு மாறுகிறது. ஜூலை கடைசியில் கிளம்ப வேண்டும். மகள் எட்டாம் வகுப்புக்கும் மகன் நான்காம் வகுப்புக்கும் போகிறார்கள். ஃபிரிஸ்கோவில் ஒரு வீடு எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு வலைத்தளத்தில் அந்த வீட்டுக்கு ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பெயர் இருக்கிறது, இன்னொன்றில் வேறு பெயர் இருக்கிறது. விற்பவரின் ஏஜென்டைக் கேட்டால், "ஃபிரிஸ்கோ அட்ரஸ்தானே, கவலைப்படாதீர்கள்" என்கிறார். இதை நாங்களே உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா? அப்படியே நல்ல ஸ்கூல் எது, நம் ஆட்கள் அதிகம் இருக்கும் பகுதி எது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஏஜென்ட் சொன்னதை முதலில் ஒதுக்கி வையுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயர் தபால் துறை தன் வசதிக்காக வைத்தது. கடிதம் எந்தத் தபால் நிலையம் வழியாக வரும் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஜிப் கோடும் அப்படித்தான், 1963-இல் தபால் பிரிப்பதற்காகக் கொண்டுவந்த எண். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பதினான்கு வருடமாக இந்தப் பக்கத்தில் வீடு காட்டுகிறேன், என்னாலும் முடியாது.

இது உங்களுக்கு முற்றிலும் புதிதாக இருக்காது. நியூ ஜெர்சியில் பிரின்ஸ்டன் என்று முகவரி போட்டிருக்கும் எத்தனையோ வீடுகள் உண்மையில் சவுத் பிரன்ஸ்விக், வெஸ்ட் விண்ட்சர், பிளெய்ன்ஸ்பரோ டவுன்ஷிப்களில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் பிரின்ஸ்டன் பள்ளிக்குப் போவதில்லை. ஆனாலும் அங்கே ஒரு சௌகரியம் உண்டு. வீடு எந்த டவுன்ஷிப் என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் பள்ளி விஷயமும் தெரிந்துவிடும். எடிசன் என்றால் எடிசன், அதன் நடுவில் இருக்கும் மெட்டச்சன் என்றால் மெட்டச்சன். எட்டு வருடம் அப்படிப் பழகிவிட்டு டெக்சஸைப் பார்க்கிறீர்கள், குழப்பம் வரத்தான் செய்யும்.

இங்கே ஊர் எல்லை வேறு, பள்ளி எல்லை வேறு. டெக்சஸில் பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்களின் பெயரோடு ஐ.எஸ்.டி. என்று ஒட்டியிருக்கும். இண்டிபெண்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பதன் சுருக்கம் அது. அந்த 'இண்டிபெண்டன்ட்' பெயருக்காக வைத்த சொல் இல்லை. நகராட்சிக்கும் கட்டுப்படாமல், நம் ஊர் மாவட்டம் போன்ற கவுன்டிக்கும் கட்டுப்படாமல், தனி எல்லை, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தனி போர்டு, தனி வரி என்று அது தானாக நிற்கும் ஓர் அமைப்பு. மாநிலத்தில் இப்படி ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஃபிரிஸ்கோ நகர எல்லைக்குள் மட்டும் ஃபிரிஸ்கோ, லூயிஸ்வில், லிட்டில் எல்ம், பிராஸ்பர் என்று நான்கு டிஸ்ட்ரிக்ட்கள் வருகின்றன. திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் இதே கதைதான். பிளேனோவிலும் மெக்கின்னியிலும் லிட்டில் எல்மிலும் இருக்கும் சில வீடுகள் ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யைச் சேர்ந்தவை. பிளேனோ முகவரி வைத்துக்கொண்டு ஃபிரிஸ்கோ பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் எனக்கே பல தெரியும்.

ஏன் இப்படி என்று நிறையப் பேர் கேட்பார்கள். 1990-இல் ஃபிரிஸ்கோவின் மக்கள்தொகை சுமார் 6,000. 2020 கணக்கெடுப்பில் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பள்ளி டிஸ்ட்ரிக்ட்களின் கோடுகள் இங்கே பருத்தியும் தானியமும் விளைந்த காலத்தில் போட்டவை. பிற்பாடு நகரம் பக்கத்து நிலங்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டே போனது. நகர எல்லை நகர்ந்தது, பள்ளிக் கோடு நகரவில்லை. அதனால் இன்று ஒரு குடியிருப்பின் நடுவிலேயேகூட அந்தக் கோடு ஓடும். சாலையின் இந்தப் பக்கம் ஒரு டிஸ்ட்ரிக்ட், அந்தப் பக்கம் இன்னொன்று. பின்வேலி ஒன்றாக இருக்கும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் காலையில் வெவ்வேறு பஸ்ஸில் ஏறுவார்கள்.

சரி, உறுதியாகத் தெரிந்துகொள்வது எப்படி? வரிக் கணக்கைப் பாருங்கள். ஊரில் மனை வாங்கும்போது விளம்பரத்தில் "தாம்பரத்துக்கு மிக அருகில்" என்று போட்டிருந்தால் அதை நம்பியா பணம் கட்டுவோம்? பட்டாவைப் பார்ப்போம், வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். இங்கே அதற்குச் சமமான காகிதம், பள்ளி விஷயத்தைப் பொறுத்தவரை, கவுன்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் வைத்திருக்கும் சொத்துப் பதிவு. பெயரில் டிஸ்ட்ரிக்ட் என்று இருந்தாலும் இதற்கும் பள்ளிக்கும் சம்பந்தமில்லை. வரி போடுவதற்காக வீடுகளின் மதிப்பைக் கணக்கிடும் அலுவலகம் இது. ஃபிரிஸ்கோவின் கிழக்குப் பகுதி காலின் கவுன்டியிலும் மேற்குப் பகுதி டென்டன் கவுன்டியிலும் இருக்கிறது. அதனால் ஒன்றில் தேடி வீடு கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம், மற்றதில் தேடுங்கள். இரண்டுமே இணையத்தில் திறந்திருக்கின்றன. பணமும் வேண்டாம், பதிவும் வேண்டாம்.

வீட்டு எண்ணையும் தெருப் பெயரின் முதல் பகுதியையும் மட்டும் போடுங்கள். ஸ்ட்ரீட், டிரைவ், லேன் என்று முழுதாகப் போட்டால் பல சமயம் எதுவும் வராது. வீடு வந்ததும் அதைத் திறந்து கீழே இறங்கிப் போனால், அந்தச் சொத்தின் மீது வரி விதிக்கும் அமைப்புகளின் பட்டியல் ஒன்று இருக்கும். ஒரு வரியில் நகரம், ஒரு வரியில் கவுன்டி, ஒரு வரியில் ஏதோ ஒரு ஐ.எஸ்.டி. காலின் கவுன்டி வீடாக இருந்தால் காலின் காலேஜும் ஒரு வரி பிடித்திருக்கும். அந்த ஐ.எஸ்.டி. வரியில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் டிஸ்ட்ரிக்ட். வருடா வருடம் உங்களிடம் பள்ளி வரி வாங்கப்போவது அவர்கள்தான். எல்லையில் தப்பு நடந்தால் காசு தவறான கைக்குப் போகும் என்பதால் இந்தப் பதிவை யாரும் அசட்டையாக வைத்திருப்பதில்லை. விற்பனை விளம்பரத்துக்கும் வரிப் பதிவுக்கும் முரண்பாடு வந்தால் நான் ஒவ்வொரு முறையும் வரிப் பதிவின் பக்கம்தான் நிற்பேன்.

இரண்டாவது சாட்சியாக டெக்சஸ் எஜுகேஷன் ஏஜென்சியின் வரைபடத்தைப் பாருங்கள். மாநிலக் கல்வித் துறை நடத்துவது. முகவரியைப் போட்டால் எந்த டிஸ்ட்ரிக்டின் எல்லைக்குள் விழுகிறது என்று காட்டும். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் அதில் ஒரு கண் வையுங்கள், பெரிதாக்கிப் பார்த்து வீட்டின் கூரை கோட்டின் எந்தப் பக்கம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதிதாகக் கட்டும் வீடாக இருந்தால்தான் சிக்கல் கூடும். அப்ரைசல் பதிவில் அந்த மனைக்கு இன்னும் வீட்டு எண்ணே இருக்காது. பழைய பண்ணை நிலமாக, பல ஏக்கர் சேர்ந்த ஒரே துண்டாகத்தான் இருக்கும். அப்போது பில்டரிடம் மனையின் பிளாக் எண், லாட் எண், அது எந்த ஃபேஸ் (குடியிருப்பைப் பகுதி பகுதியாகக் கட்டும்போது எத்தனையாவது பகுதி) என்று வாங்கிக்கொண்டு, அந்த விவரத்தோடு பள்ளி டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தையே கேட்க வேண்டும். விற்பனை அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் பள்ளிப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு குடும்பம், நேரடியாக பில்டரிடமே வாங்கியவர்கள், தெரிந்தவர் மூலமாக ஓர் ஆகஸ்ட் மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில் பிரச்சினை என்றார்கள். நான் போனபோது கவுன்டரில் இருந்த பெண்மணி கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். குடியிருப்பின் முதல் ஃபேஸ் அந்த டிஸ்ட்ரிக்டில் இருந்தது. இவர்கள் வீடு இரண்டாவது ஃபேஸ், கோட்டுக்கு அந்தப் பக்கம். விற்பனை அலுவலகத்தில் காட்டிய பள்ளிப் பெயர் முதல் ஃபேஸுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய அவர்கள் பெண், அந்தப் பள்ளியின் பெயர் போட்ட டி-ஷர்ட்டை முன்கூட்டியே வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவள் அதன் மேல் கையைக் கட்டிக்கொண்டு எழுத்தை மறைத்தபடி நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அவள் போய்ச் சேர்ந்த பள்ளி நல்ல பள்ளிதான், இப்போது சந்தோஷமாக இருக்கிறாள். ஆனால் அந்தக் குடும்பம் அதைத் தெரிந்து தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பத்து நிமிட வேலை அது.

டிஸ்ட்ரிக்ட் தெரிந்துவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது. அடுத்தது, அந்த டிஸ்ட்ரிக்டுக்குள் எந்தப் பள்ளி? இதை உங்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. எடிசனில் ஜே.பி. ஸ்டீவன்ஸா, எடிசன் ஹையா என்று தெருத் தெருவாகப் பிரிவதை எட்டு வருடமாகப் பார்த்திருக்கிறீர்கள். ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யில் பன்னிரண்டு ஹை ஸ்கூல்கள் இருக்கின்றன. பிளேனோ ஐ.எஸ்.டி.யிலோ அமைப்பே வேறு மாதிரி. 9, 10 வகுப்புகள் ஒரு பள்ளியில், 11, 12 வகுப்புகள் சீனியர் ஹை என்று இன்னொரு பள்ளியில். எந்த வீட்டுக்கு எந்தப் பள்ளி என்பதை அட்டெண்டன்ஸ் ஜோன் என்பார்கள். டிஸ்ட்ரிக்டின் எல்லை மாறுவது அரிது. ஜோன் அப்படியில்லை, போர்டு ஓட்டெடுத்து மாற்றும், அடிக்கடி மாற்றும்.

பிராஸ்பர் மாதிரி வேகமாக வளரும் இடத்தில் புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் ஜோன் மாறும். அங்கே 2020-இல் ராக் ஹில், 2023-இல் வால்நட் குரோவ் என்று ஹை ஸ்கூல்கள் வந்தன. ஒவ்வொன்றும் வரும்போது சுற்றியுள்ள தெருக்களைப் பிரித்துத்தான் அதை நிரப்ப வேண்டும். வளர்ச்சி நின்ற இடத்தில் நேர்மாறாக நடக்கும், பள்ளியை மூடுவார்கள். பிளேனோ ஐ.எஸ்.டி. போர்டு 2024-இல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யும் ஸ்டேலி மிடில் ஸ்கூலை 2024-25 கல்வியாண்டோடு மூடியது. அந்தப் பகுதி பழையதாகி, வீடுகளில் சின்னப் பிள்ளைகள் குறைந்துபோனதுதான் காரணம். ஆகவே "இந்த வீட்டுக்கு இந்தப் பள்ளி" என்று இன்று கிடைக்கும் பதிலை ஐந்து வருட உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகனுக்கு இன்னும் ஒன்பது வருடப் படிப்பு இருக்கிறது.

இப்போது உங்கள் வலைத்தளக் குழப்பத்துக்கு வருகிறேன். வீட்டு விளம்பரத்தில் வரும் பள்ளிப் பெயர்களைத் தட்டச்சு செய்வது விற்பவரின் ஏஜென்ட். பல நேரம், அந்த வீடு முன்பு விற்றபோது போட்ட விளம்பரத்தில் இருந்ததையே எடுத்துப் போட்டுவிடுவார்கள். இடையில் ஜோன் மாறியிருந்தால் பழைய பள்ளிப் பெயரே தொடரும். வேறு சில வலைத்தளங்கள் தனியார் நிறுவனங்கள் தொகுத்த எல்லைத் தரவை வாங்கிப் போடுகின்றன, அது எப்போது புதுப்பித்தது என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டு தளம் இரண்டு விதமாகச் சொல்வது இதனால்தான். ஏறக்குறைய எல்லா விளம்பரத்தின் அடியிலும் "பள்ளி விவரத்தை வாங்குபவர் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற கருத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதைச் சம்பிரதாயம் என்று தாண்டிப் போகாதீர்கள். நாளைக்குத் தவறாகிவிட்டால், பொறுப்பு உங்களுடையது என்று அந்த வரிதான் சொல்லும்.

ஜோனைத் தெரிந்துகொள்ள நம்பகமான இடம் ஒன்றுதான், டிஸ்ட்ரிக்டே. பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்கள் தங்கள் வலைத்தளத்தில் முகவரி போட்டுப் பள்ளி தேடும் வசதி வைத்திருக்கின்றன. அதைப் பார்த்தபின் ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். முழு முகவரியை எழுதி, வரும் கல்வியாண்டில் நான்காம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் எந்தப் பள்ளி, அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு எந்த ஹை ஸ்கூல் என்று கேளுங்கள். இந்த ஒன்பதாம் வகுப்பை விட்டுவிடாதீர்கள், உங்கள் மகள் விஷயத்தில் அதுதான் பெரிய கேள்வி. எட்டாம் வகுப்பு ஒரு வருடம், ஹை ஸ்கூல் நான்கு வருடம். ஒரு மிடில் ஸ்கூலில் படித்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே ஹை ஸ்கூலுக்குத்தான் போவார்கள் என்று கிடையாது. அந்தப் பகுதியில் ஜோன் மாற்றம் பற்றிப் பேச்சு நடக்கிறதா, அந்தத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பில் இடம் இருக்கிறதா, நிரம்பிவிட்டால் எங்கே அனுப்புவீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் சீக்கிரம் பதில் கிடைக்கும், ஆனால் எழுத்தில் வாங்குங்கள். ஜோன் மாற்றங்களைப் பெரும்பாலும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் போர்டு விவாதித்து முடிவு செய்யும், ஆகஸ்டில் நடைமுறைக்கு வரும். ஹை ஸ்கூலின் கடைசி வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளைப் பழைய பள்ளியிலேயே முடிக்க விடுவது வழக்கம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

இதையெல்லாம் எப்போது செய்ய வேண்டும் என்பதும் முக்கியம். டெக்சஸில் பழைய வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் ஆப்ஷன் பீரியட் என்று சில நாட்கள் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஒரு சிறு தொகை விற்பவருக்குப் போய்விடும், திரும்ப வராது. ஆனால் அந்த நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் விலகிவிடலாம், எர்னஸ்ட் மணி, அதாவது ஒப்பந்தத்தோடு கட்டிய முன்பணம், திரும்பக் கிடைக்கும். எல்லோரும் அந்த நாட்களில் கூரையையும் அஸ்திவாரத்தையும் ஏசியையும் பரிசோதிப்பார்கள். பள்ளியையும் அதே நாட்களுக்குள் உறுதி செய்துவிடுங்கள். முடிந்தால் ஆஃபர் எழுதும் முன்பே. ஆப்ஷன் பீரியட் முடிந்தபிறகு "பள்ளி வேறு என்று இப்போதுதான் தெரிந்தது" என்று சொல்லி விலகினால் எர்னஸ்ட் மணியை இழக்க நேரலாம். பில்டரிடம் வாங்கினால் ஒப்பந்தம் அவர்கள் எழுதியது, பெரும்பாலும் ஆப்ஷன் பீரியடே இருக்காது. அங்கே கையெழுத்துக்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிஸ்ட்ரிக்ட் மாறினால் மாதத் தவணையும் மாறும். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, சொத்து வரி அதிகம், அதில் மிகப் பெரிய துண்டு பள்ளிக்குத்தான் போகும். வரி விகிதத்தை ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் இவ்வளவு சென்ட் என்று சொல்வார்கள். வரிக்கு உட்பட்ட மதிப்பு 5 லட்சம் டாலர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு டிஸ்ட்ரிக்ட்களுக்கு இடையே 20 சென்ட் வித்தியாசம் இருந்தாலே வருடத்துக்கு 1,000 டாலர். வேகமாக வளரும் டிஸ்ட்ரிக்ட்கள் பள்ளி கட்டக் கடன் வாங்குவதால் அவர்களின் விகிதத்தில் கடன் பகுதி கூடுதலாக இருக்கும். ஆனால் நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு உண்டு. பள்ளி வரியில் 1 லட்சம் டாலராக இருந்த அந்த விலக்கை 2025 நவம்பரில் வாக்காளர்கள் 1,40,000 டாலராக உயர்த்தினார்கள். வீடு வாங்கியபின் அதே அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் விண்ணப்பம் போட வேண்டும். மறந்துவிடாதீர்கள், நிறையப் பேர் மறக்கிறார்கள்.

நல்ல ஸ்கூல் எது, நம் ஆட்கள் அதிகம் இருக்கும் பகுதி எது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் நான் பதில் சொல்லக் கூடாது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இனம், நிறம், மதம், பூர்வீக நாடு இவற்றை வைத்து வீடு வாங்குபவரை ஒரு பகுதிக்குத் தள்ளுவதையும் ஒரு பகுதியிலிருந்து விலக்குவதையும் 1968-இல் வந்த ஃபேர் ஹவுசிங் சட்டம் தடை செய்கிறது. எங்கள் தொழிலில் இதை ஸ்டீயரிங் என்போம். "அங்கே பள்ளி நல்லது" என்று ஒரு ஏஜென்ட் சொல்வதே பல சமயம் வேறு எதையோ மறைத்துச் சொல்லும் பேச்சாகிவிடும் என்பதால் அதிலும் கவனமாக இருப்போம். நம்மைப் போன்றவர்கள் இந்த நாட்டில் எந்தத் தெருவிலும் போய் வீடு கேட்க முடிகிறது என்றால் அதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். அதை நான் மனதார மதிக்கிறேன். நம் ஆட்களைத் தேடிக்கொள்வது உங்களுக்குக் கஷ்டமே இல்லை, ஒரு சனிக்கிழமை மளிகைக் கடைக்குப் போனால் போதும்.

பள்ளியை எப்படி எடைபோடுவது என்று மட்டும் சொல்கிறேன். வீட்டு விளம்பரங்களில் வரும் பத்துக்கு இத்தனை என்ற எண்ணைப் பெரும்பாலும் கிரேட்ஸ்கூல்ஸ் என்ற தனியார் அமைப்பு தருகிறது. மாநில அரசு தனியாக ஏ முதல் எஃப் வரை தரம் போடுகிறது. இரண்டிலும் தேர்வு மதிப்பெண்ணுக்குத்தான் பெரிய பங்கு. உங்கள் மகனின் ஆசிரியர் எப்படி இருப்பார் என்பதை அந்த எண் சொல்லாது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் ஊசலாடி, பிடித்த வீட்டை விட்டுவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வருத்தம் தரும் விஷயம். வீடு பார்க்க வரும்போது ஒரு வார நாள் கூடுதலாக வையுங்கள். பள்ளி நடக்கும் காலமாக இருந்தால், விடும் நேரத்தில் வாசலில் போய் நில்லுங்கள். முன்பே கேட்டால் பல பள்ளிகள் உள்ளே சுற்றிக் காட்டவும் செய்யும்.

டெக்சஸுக்கு வராத வாசகர்களுக்கும் இரண்டு வார்த்தை. கலிஃபோர்னியாவில் பே ஏரியாவுக்குப் போகிறவர்கள் ஃப்ரீமான்ட் என்ற பெயரில் ஏமாறாதீர்கள். ஃப்ரீமான்ட் யூனிஃபைட் என்பது ஃப்ரீமான்ட் நகரத்தில் இருப்பது. ஃப்ரீமான்ட் யூனியன் ஹை ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது கூப்பர்டினோ, சன்னிவேல் பக்கம், ஃப்ரீமான்ட் நகரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கே எட்டாம் வகுப்பு வரை ஒரு டிஸ்ட்ரிக்ட், அதற்கு மேல் வேறு டிஸ்ட்ரிக்ட் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு இருக்கும். இல்லினாயில் நேப்பர்வில் ஊர் பெரும்பாலும் 203, 204 என்ற இரண்டு டிஸ்ட்ரிக்ட்களுக்கு இடையில் பிரிந்திருக்கிறது. வர்ஜீனியாவில் லவுடன், ஃபேர்ஃபேக்ஸ் என்று கவுன்டியே டிஸ்ட்ரிக்ட், அதனால் அங்கே முதல் கேள்வி சுலபம், ஜோன்தான் தலைவலி. வட கரோலினாவில் கேரி பக்கம், பள்ளி நிரம்பிவிட்டால் புதிதாக வருபவர்களை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள், வீடு அந்த ஜோனுக்குள்ளேயே இருந்தாலும். எங்கே போனாலும் வரிப் பதிவு, பிறகு டிஸ்ட்ரிக்ட் அலுவலகம் என்ற வரிசையை விடாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று. நியூ ஜெர்சி போல இங்கே செப்டம்பரில் பள்ளி திறக்காது. டாலஸ் பக்கம் ஆகஸ்ட் நடுவிலேயே தொடங்கிவிடும். ஜூலை கடைசியில் கிளம்பினால் உங்களுக்குக் கையில் இருப்பது இரண்டு, மூன்று வாரம்தான். சேர்க்கைக்கு அந்த முகவரியில் இருப்பதற்கான ஆதாரம் கேட்பார்கள், பொதுவாக வீட்டின் ஒப்பந்தமோ க்ளோசிங் (வீடு கைமாறி முடிந்த) காகிதமோ மின்சாரக் கட்டணச் சீட்டோ. பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசிப் பட்டியலையும் லாரியில் ஏற்றும் பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மகளின் கணக்குப் பாட மதிப்பெண் அறிக்கையும் அதில் இருக்கட்டும். இங்கே எட்டாம் வகுப்பில் ஆல்ஜீப்ரா 1 எடுத்தால் அது ஹை ஸ்கூல் கணக்கில் சேரும். அவள் எந்தப் பிரிவில் உட்காருவாள் என்பதை அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பல பள்ளி அலுவலகங்கள் ஜூலையில் சில வாரம் மூடியிருக்கும். எடிசனில் பள்ளி முடியும் முன்பே அந்த அறிக்கையை வாங்கிவிடுங்கள், டிஸ்ட்ரிக்டுக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை இன்றைக்கே அனுப்புங்கள்.